நீங்க அழிச்சாலும் அந்த வார்த்தை அழியாது... வாட்ஸ்அப் 'ரிப்ளை' பெட்டிக்குள் இவ்வளவு விஷயமா?

காலை 7 மணி. குடும்ப குரூப்பில் தங்கை மகளின் பிறந்தநாள் போட்டோ வருகிறது. அடுத்த நிமிடமே பெரியப்பா ஒரு துக்கச் செய்தி போடுகிறார். தூக்கக் கலக்கத்தில் போனைத் திறந்த மாமா போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு, 'மிக்க மகிழ்ச்சி, வாழ்த்துகள்' என்று தட்டிவிடுகிறார். அது போய் உட்காரும் இடம், துக்கச் செய்திக்கு நேர் கீழே! அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எழுதத் தேவையில்லை. உங்கள் வீட்டு குரூப்பிலும் ஒருமுறையாவது நடந்திருக்கும்.

அந்த போட்டோவின் மீது விரலை வைத்து வலப்பக்கம் லேசாக இழுத்துவிட்டு டைப் செய்திருந்தால் பிரச்னையே இல்லை. போட்டோ ஒரு சின்னப் பெட்டிக்குள் மேலே வந்து நிற்கும், வாழ்த்து அதற்குக் கீழே போகும். 2016-லிருந்து வாட்ஸ்அப்பில் இருக்கும் வசதிதான். ஆனாலும், பல வீடுகளில் பெரியவர்களுக்கு ஸ்டிக்கர் அனுப்பச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்தவர் சொன்னதை மேலே வைத்து பதில் எழுதுவது வாட்ஸ்அப் கண்டுபிடித்த பழக்கம் அல்ல. ஈமெயிலின் ஆரம்ப காலத்திலேயே, பழைய கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் கணக்குப் பாடத்தில் வரும் 'பெரியது' குறியைப் போட்டு, அதற்குக் கீழே பதில் எழுதுவார்கள். இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய சாலி ஹாம்பிரிட்ஜ் 1995-ல் இணைய நாகரிகத்துக்கென ஒரு வழிகாட்டியைத் தொகுத்தார். பதில் எழுதும்போது விஷயம் புரிவதற்குத் தேவையான அளவு மட்டும் பழைய கடிதத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறது அது.

அந்த 'தேவையான அளவு' எது என்பதில்தான் சண்டையே ஆரம்பிக்கிறது. தமிழில் இது இன்னும் கொஞ்சம் வில்லங்கம்.

நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் வாலில் வரும். 'இல்லை' என்பதும் அங்கேதான் வரும். ஒரு அப்பார்ட்மென்ட் குரூப்பில் ஒருவர், 'மெயின்டனன்ஸ் பணத்தை செக்ரட்டரி சொந்தச் செலவுக்கு எடுத்தார் என்று நான் சொல்லவில்லை' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசி மூன்று வார்த்தைகளை வெட்டிப் பாருங்கள். மறுப்பு அப்படியே குற்றச்சாட்டாக மாறிவிடும். இதைச் செய்ய கெட்ட எண்ணம்கூட வேண்டியதில்லை. நீளமான மெசேஜுக்கு ரிப்ளை செய்தால், பெட்டிக்குள் முதல் சில வரிகள்தான் தெரியும், மீதி புள்ளி புள்ளியாகிவிடும். பெட்டியைத் தொட்டால் முழு மெசேஜுக்குப் போகலாம்தான். ஆனால், கோபமாக இருப்பவர் தொட்டுப் பார்ப்பாரா?

டெலிகிராமில் 2023 முதல் ஒரு மெசேஜின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து ரிப்ளை செய்யலாம். வசதிதான். ஆனால், வாலை வெட்டும் வேலையும் அதில் சுலபம்.

பேசும்போது நமக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. 'நாளைக்கு கரன்ட் இருக்காதாம்' என்றால், கடைசியில் ஒட்டிய அந்த 'ஆம்' போதும். இது என் தகவல் இல்லை, வேறு யாரோ சொன்னது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். பள்ளியில் நேர்கூற்று, அயற்கூற்று என்று மார்க்குக்காகப் படித்த விஷயத்தை நம் பாட்டிகள் ஒரு 'ஆம்' போட்டு முடித்துவிடுவார்கள்.

அழித்த பிறகும் நிற்கும்

ராத்திரி 11 மணிக்கு ஆத்திரத்தில் ஒரு மெசேஜ் போடுகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் புத்தி வந்து, 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுக்கிறீர்கள். 2017-ல் இந்த வசதி வந்தபோது 7 நிமிடங்களுக்குள் அழிக்க வேண்டும். 2022-லிருந்து இரண்டு நாள்களுக்கும் மேல் அவகாசம் தருகிறார்கள். ஆனால், அந்த ஐந்து நிமிடத்துக்குள் யாராவது உங்கள் மெசேஜுக்கு ரிப்ளை செய்திருந்தால், அவர் பதிலின் தலையில் உங்கள் வார்த்தைகள் அப்படியே நிற்கும். மேலே 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்று இருக்கும், கீழே அதே மெசேஜ் பெட்டிக்குள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இதற்குக் காரணம் அந்தப் பெட்டி வேலை செய்யும் விதம். வாட்ஸ்அப் மெசேஜ்கள் என்க்ரிப்ட் செய்யப்பட்டவை, நடுவில் இருக்கும் சர்வரால் அவற்றைப் படிக்க முடியாது. அதனால், நீங்கள் சொன்னதை சர்வரிலிருந்து எடுத்துக் காட்டுவதில்லை. ரிப்ளை செய்பவரின் போனிலிருந்தே அதன் நகல் பதிலோடு சேர்ந்து பயணிக்கிறது. நீங்கள் அழிப்பது உங்கள் மெசேஜை. அவர் பதிலுக்குள் இருக்கும் நகல் உங்கள் கையில் இல்லை.

சொல்லாததையும் சொன்னதாக...

நகல் அவர் போனிலிருந்து வருகிறது என்றால், அவர் அதை மாற்றி அனுப்பினால்? 2018 ஆகஸ்ட்டில் செக் பாயின்ட் என்ற இஸ்ரேலிய சைபர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். ஒருவர் எழுதிய வார்த்தைகளை ரிப்ளை பெட்டிக்குள் மாற்ற முடிந்தது. குரூப்பிலேயே இல்லாத ஒருவர் சொன்னதாகவும் காட்ட முடிந்தது. அடுத்த ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டிலும் விளக்கினார்கள். ஈமெயிலில் பதில் எழுதும்போது பழைய கடிதத்தைத் திருத்துவது போன்றதுதான் இது, என்க்ரிப்ஷன் உடையவில்லை என்பது வாட்ஸ்அப் தரப்பு சொன்ன விளக்கம். அது சரிதான். ஆனால், ஈமெயிலில் வரும் பழைய வரிகளை யாரும் சத்தியவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. ரிப்ளை பெட்டியில் பெயரும் கலரும் சேர்ந்து வருவதால், மாட்டிவிட்டதற்கான ஆதாரமாகவே பார்க்கிறோம்.

பக்கத்து வீட்டு அங்கிளுக்கு இந்த வித்தை தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. இதற்குத் தொழில்நுட்பத் திறமை வேண்டும். ஆனால், பேரன்ட்ஸ் குரூப்பில் 'டீச்சர் சொன்னதாக' ஒரு பெட்டியைக் காட்டி, இந்த நம்பருக்குப் பணம் அனுப்புங்கள் என்று யாராவது கேட்டால், பெட்டியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஒரிஜினல் மெசேஜுக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் உடனே மோசடி என்று அர்த்தமில்லை. நீங்கள் குரூப்பில் சேர்வதற்கு முந்தைய மெசேஜாக இருக்கலாம், உங்கள் போனில் அழிந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும், பணம் அனுப்பும் முன் டீச்சருக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, அதிகம் பேர் தொடாத ஒரு ஆப்ஷன். குரூப்பில் ஒரு மெசேஜை அழுத்திப் பிடித்து மெனுவுக்குள் போனால் 'ரிப்ளை ப்ரைவேட்லி' என்று இருக்கும். அதே பெட்டி, அதே மெசேஜ், ஆனால் பதில் அவருக்கு மட்டும் தனியாகப் போகும். சித்தப்பா ஃபார்வர்டு செய்த மருத்துவக் குறிப்பு தப்பு என்று சொல்ல வேண்டுமா? அக்கா கல்யாணப் பத்திரிகையில் தேதியை மாற்றிப் போட்டுவிட்டாரா? 84 பேர் பார்க்க அவர் பெயரோடு பெட்டி கட்டாமல் தனியாகச் சொன்னால், அவரே அழித்துவிட்டு, சரியானதை மறுபடி போட்டுக்கொள்வார்.