பழைய காரின் ஹீட்டர் வால்வு: சின்னப் பாகம், பெரிய தலைவலி

"நம்ம ஊர் வெயிலுக்கு காருக்குள்ள ஹீட்டர் வேற ஒரு கேடா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது நண்பர்களே. ஆனால் வெயில் ஊரில்தான் இந்த வால்வு ஒழுங்கா மூடணும். மூடலைன்னா, டேஷ்போர்டுக்குப் பின்னால் சுமார் 80 டிகிரி கூலன்ட் ஓடிக்கிட்டே இருக்கும். மே மாத மதியத்தில் அது எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

உதாரணத்துக்கு எம்ஜிபி காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். இதன் 1798 சிசி இன்ஜின் பி-சீரிஸ் வகை. நம்ம அம்பாசடரில் வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். அதனால சொந்தக்காரர் வீட்டுக் கதைன்னே வெச்சுக்கோங்க.

ஹீட்டர் என்பது வேறொன்றும் இல்லை, ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினைச் சுற்றிச் சூடான தண்ணீரில் கொஞ்சம் அதற்குள் போகும், அதன் மேல் காற்று அடிக்கும், அவ்வளவுதான். இன்ஜின் ஓவர்ஹீட் ஆனால் ஹீட்டரை முழுசா திறந்துவிடு என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். அந்தத் தண்ணீரைத் திறந்து மூடுவது ஹீட்டர் வால்வு. எம்ஜிபியில் இது சிலிண்டர் ஹெட்டிலேயே இரண்டு ஸ்டட்களில் உட்கார்ந்திருக்கும். டேஷ்போர்டில் குமிழைத் திருப்பினால் ஒரு கேபிள் அதன் லீவரை இழுக்கும்.

இங்கே ஒரு சின்ன ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பாடம். குமிழைக் கால்வாசி திருப்பியதுமே ஏறக்குறைய முழுச் சூடும் வந்துவிடும். மீதி முக்கால்வாசிக்கு பெரிய வித்தியாசம் தெரியாது. ஏன்? வெப்பம் கடப்பதில் பெரிய தடை காற்றின் பக்கம்தான் இருக்கிறது. தண்ணீரை இரண்டு மடங்கு ஓடவிட்டாலும் காற்று வாங்கிக்கொள்வது கொஞ்சம்தான் கூடும். அதனால்தான் பின்னால் வந்த பல கார்களில் வால்வையே எடுத்துவிட்டு, சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் ஒரு கதவு வைத்துக் கலக்கும் முறைக்குப் போய்விட்டார்கள். எக்ஸாமில் கேட்டாலும் கேட்கலாம்!

சரி, வால்வு ஏன் கெட்டுப்போகுது? உள்ளே இருக்கும் ரப்பர் சூட்டில் இறுகி வெடிக்கும். கூலன்டை வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் துருவும் சுண்ணாம்பும் படியும். முக்கியமாக, யாரும் தொடாமல் விட்டால் லீவர் இறுகிக்கொள்ளும். மாசம் ஒரு தடவை குமிழை இரண்டு பக்கமும் திருப்பிவிட்டாலே பாதி வியாதி வராது. குமிழ் நகரலைன்னா பலத்தைக் காட்டாதீங்க, கேபிள் மடங்கிவிடும்.

எது பழுது என்று ஹோஸ்களைத் தொட்டே கண்டுபிடிக்கலாம். இன்ஜின் சூடானதும் ஹீட்டரைத் திறங்கள். வால்வுக்கு அடுத்த ஹோஸ் சூடாகவில்லையா, வால்வு திறக்கவில்லை. அது சூடாகி, திரும்பும் ஹோஸ் மட்டும் குளிர்ந்திருந்தால் ஹீட்டருக்குள் அடைப்பு. மூடியபிறகும் இரண்டும் சூடாகவே இருந்தால் வால்வு மூடவில்லை. வால்வின் உடம்பில் ஈரம் தெரிந்தால் உடனே கவனியுங்கள். கீழே டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது, அங்கே சொட்டினால் வண்டி மிஸ்ஸாகும். காருக்குள் கார்பெட் நனைந்திருந்தால் மட்டும் வால்வைக் குறை சொல்லாதீர்கள், அது ஹீட்டர் கோர் கசிவு.

மாற்றும் வேலை, இன்ஜின் முழுசா ஆறின பிறகுதான். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். இதில் வீரம் வேண்டாம்.

கூலன்டை ஹெட் மட்டத்துக்குக் கீழே வரும்வரை வடித்துவிடுங்கள். பிடித்த பாத்திரத்தைத் திறந்து வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் குடித்தால் செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான்.

அடுத்து ஹோஸ். இங்கேதான் பலபேர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் முறுக்கி இழுக்கத் தோன்றும். இழுக்காதீங்க! மறுமுனையில் இருப்பது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய். அது உடைந்தால் ஹீட்டர் பெட்டியையே வெளியே எடுக்கணும். எம்ஜிபி வைத்திருப்பவர்களிடம் அந்த வேலையைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள், மூஞ்சி மாறும். கத்தியால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். புது ஹோஸ் விலை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஸ்டட் நட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஸ்டட் ஒடிந்தால் ட்ரில் போட வேண்டிவரும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது துணுக்கு உள்ளே விழாமல் துளையில் துணி அடைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் துணியை எடுக்கவும் மறக்காதீர்கள்.

புது வால்வை நம்பி அப்படியே மாட்டாதீங்க. லீவரை மூடிவைத்து வாயால் ஊதிப் பாருங்கள், காற்று போனால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். இப்போது கிடைக்கும் உதிரிகள் எல்லாமே ஒரே தரம் இல்லை. நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கார்க் கேஸ்கெட்டை அதிகம் இறுக்கினால் பிதுங்கி, அங்கேயே கசியும்.

கேபிளை மாட்டும்போது ஒரு விஷயம்: குமிழ் கடைசிவரை போவதற்குள் லீவர் முழுசா மூடியிருக்கணும். அந்த நிலையில் வைத்துத்தான் கேபிள் உறையின் கிளிப்பை இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் புது வால்வும் பாதி திறந்தே நிற்கும்.

கூலன்ட் ஊற்றும்போது ஹீட்டரைத் திறந்தே வையுங்கள். இல்லாவிட்டால் கோருக்குள் காற்று மாட்டிக்கொள்ளும், சூடே வராது. ஒரு ரவுண்டு ஓட்டி, வண்டி ஆறியதும் மட்டம் பாருங்கள், குறைந்திருக்கும். ஊற்றுங்கள், ஹோஸ் கிளிப்புகளையும் ஒரு அரைச் சுற்று பாருங்கள்.