அடித்தாலும் எழாத தூக்கம்

மதுரையில் வேங்கடராமன் என்றொரு பள்ளிச் சிறுவன். அவன் விழித்திருக்கும்போது கிட்டே வரத் துணியாத பையன்கள், ராத்திரி தூங்கியதும் தூக்கிக்கொண்டுபோய் நாலு சாத்து சாத்திவிட்டு, பழையபடி படுக்கையில் போட்டுவிடுவார்களாம். மறுநாள் யாராவது சொன்னால்தான் அவனுக்கே தெரியும். 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்துசேர்ந்து, பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர் அவர்தான்.

பௌர்ணமி இரவில் செங்கம் சாலையில், ரமணாசிரமத்து வாசலில் நின்றால் இந்தக் கதை நினைவுக்கு வந்து சிரிப்புமூட்டும். ஊரில் ஒருவரும் தூங்குவதாக இல்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிற கூட்டம் விடியும்வரை ஓயாது. சாலையோரம் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது: “மனசே சரியில்லைங்க. தூக்கம் வேற பிடிக்கறதில்ல. உடம்புக்கும் ஏதாவது ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கு.”

மூன்றும் தனித்தனிக் குறை என்று அவர் நினைத்திருக்கலாம். ஒரே குறையின் மூன்று முகங்களாகவும் அவை இருக்கக்கூடும்.

காய்ச்சல் கண்ட மாட்டைப் பார்த்திருப்பீர்கள். தீனி எடுக்காது, மந்தையை விட்டு ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். கிருமி அதன் பலத்தை உறிஞ்சிவிட்டது என்றுதான் நாம் நினைப்போம். கலிபோர்னியாவின் கால்நடை மருத்துவ அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988இல் இதைத் தலைகீழாகப் பார்த்தார். அந்தச் சுணக்கம் உடம்பே திட்டமிட்டுச் செய்வது. நடமாட்டத்தைக் குறைத்துச் சக்தியை மிச்சம்பிடித்துக் காய்ச்சலுக்குச் செலவிடுகிறது என்றார். உத்தரவு போகிற வழியும் இன்று ஓரளவு தெரியும். நோய் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரக்கின்றன. அந்தச் சேதி ரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளையை எட்டுகிறது. உடனே பசி அடங்கும், எதிலும் நாட்டம் இருக்காது, ஆட்களைக் கண்டால் எரிச்சல் வரும். மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் சொல்லும் அறிகுறிகளும் கிட்டத்தட்ட இவைதான்.

இது வெறும் ஒப்புமை இல்லை என்று காட்டியது ஒரு மருந்து. ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள். அதுவே ஒரு சைட்டோகைன். மனநிலை நன்றாக இருந்தவர்களிலேயே ஏறக்குறைய நான்கில் ஒருவர் சில மாதங்களில் மனச்சோர்வில் விழுந்தார். ஊசி தொடங்குமுன்பே தூக்கம் கெட்டிருந்தவர்கள் எளிதில் விழுந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி.

தூக்கம் இங்கே என்ன செய்கிறது? கிருமி புகுந்த செல்லை ஒழிக்க ‘டி’ செல் என்ற நோய் எதிர்ப்பு செல் அதன்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் அட்ரினலின் ஓடும்வரை அந்தப் பசை சரியாகப் பிடிக்காது. ஆழ்ந்து தூங்கும்போது அட்ரினலின் வடிகிறது, பசை இறுகுகிறது; ஜெர்மனி ஆய்வாளர்கள் 2019இல் இதைக் காட்டினார்கள். அதற்கு நாலு வருஷம் முன்னால் அமெரிக்காவில் 164 பேரின் மூக்கில் ஜலதோஷ வைரஸைச் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட 4 மடங்குக்கும் அதிகம்.

தூக்கம் கெட்டால் கிருமியோடு போராடும் திறன் குறையும். அதே சமயம், கிருமி இல்லாமலே சைட்டோகைன்கள் சுரக்கும் காரணமில்லாத அழற்சி கூடும். அந்த அழற்சி மனதைச் சாய்க்கும், சாய்ந்த மனது மறுபடி தூக்கத்தைக் கெடுக்கும். எல்லா மனச்சோர்வும் இப்படி வருவதில்லை. ரத்தத்தில் அழற்சி தெளிவாகத் தெரிவது நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான். ஆனால் வட்டம் என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாமே! கலிபோர்னியாவில் தூக்கமின்மையால் அவதிப்பட்ட, 60 வயது தாண்டிய 291 பேரை மைக்கேல் இர்வின் குழு எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்குத் தூக்கம் பற்றிய பொதுவான பாடம். மீதிப் பேருக்குப் படுக்கும் நேரத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சி. இரண்டே மாதம், மாத்திரை கிடையாது. 3 வருஷம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்றவர்களிடையே மனச்சோர்வு, பாடம் மட்டும் கேட்டவர்களிடம் கண்டதில் பாதிக்கும் குறைவு.

அப்படியானால் கண்விழித்து மலை சுற்ற வந்தவர் தப்பு செய்துவிட்டாரா? இங்கேதான் விஷயம் முரண்டுபிடிக்கிறது. கடும் மனச்சோர்வில் இருப்பவரை ஓர் இரவு முழுக்கத் தூங்கவிடாமல் வைத்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு விடியும்போது மனம் லேசாகிவிடும். ஜெர்மனி மனநல மருத்துவர்கள் 1971இலேயே இதைப் பதிவுசெய்தார்கள். ஆனால் மறுநாள் கொஞ்சம் கண்ணயர்ந்தாலே பெரும்பாலோருக்குப் பழைய பாரம் திரும்பிவிடுகிறது. காரணம் முழுதாகப் பிடிபடவில்லை. வீட்டில் முயன்றுபார்க்கிற வைத்தியமும் இல்லை. இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இதுவே வெறியைக் கிளப்பிவிடக்கூடும். மனம் இருண்டே கிடந்தால் அரசின் டெலி மானஸ் தொலைபேசி உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

விடிந்து பேருந்தில் ஏறியபோது கடைசி வரிசையில் அவரைப் பார்த்தேன். பாதத்தில் தார்ச்சாலைக் கறுப்பு, நெற்றியில் பாதி அழிந்த திருநீறு, வாய் லேசாகத் திறந்திருந்தது. நடத்துநர் இரண்டுமுறை தோளைத் தட்டினார். ஆள் அசையவில்லை. பக்கத்திலிருந்தவரே அவருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார்.