பதின்மூன்று கோலும் ஒரு கோலும்

டென்மார்க்கின் ஓல்போர்க் நகர ஹேண்ட்பால் அணி ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் இரண்டு முறை ஆடியிருக்கிறது. இரண்டு முறையும் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில், இரண்டு முறையும் பார்சிலோனாவிடம் தோற்றது. 2021-இல் 36-23. 2024-இல் 31-30. கோப்பை வரலாற்றில் இரண்டுக்கும் ‘இரண்டாமிடம்’ என்றுதான் பதிவு. எண்களைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், இரண்டும் ஒரே வகைத் தோல்வி அல்ல என்பது தெரியும்.

ஹேண்ட்பால் டென்மார்க்கின் சொந்த ஆட்டம். அதன் விதிகளை 1906-இல் அச்சிட்டவர்களில் ஒருவர் ஹோல்கர் நீல்சன் என்ற டேனிஷ் பள்ளி ஆசிரியர். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட களம். கோல்கீப்பரையும் சேர்த்துப் பக்கத்துக்கு ஏழு பேர். ஆட்டம் 60 நிமிடம். பந்து மாறி மாறிக் கைமாறுவதால், பெரிய ஆட்டங்களில் இரு அணிகளுக்கும் ஏறக்குறைய ஐம்பத்தைந்து தாக்குதல்கள் கிடைக்கும். அதில் பாதிக்குச் சற்று மேல் கோலாகும். முப்பது முப்பது கோல் விழுவது அதனால்தான்.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. இரு அணிகளும் துல்லியமாகச் சமபலம். ஒவ்வொரு தாக்குதலும், கோல் பக்கம் லேசாகச் சாய்ந்த ஒரு நாணயத்தைச் சுண்டுவதுதான் என்று வைத்துக்கொள்வோம். 55 முறை சுண்டினால் ஓர் அணியின் கோல் எண்ணிக்கை சராசரிக்கு மேலும் கீழும் நான்கு வரை சாதாரணமாகவே ஆடும். இரு அணிகளின் வித்தியாசம் ஐந்து வரை ஆடும். யாருக்கும் யாரும் சளைக்காத அணிகள் மோதினால்கூட நாலைந்து கோல் இடைவெளியில் ஆட்டம் முடிவது சகஜம் என்று அர்த்தம். சமனிலோ ஒரே ஒரு கோல் வித்தியாசத்திலோ முடிவது ஏறத்தாழ நான்கு ஆட்டத்துக்கு ஒன்று. ஆகவே 2024-இன் 31-30, பார்சிலோனா மேலான அணி என்பதை நிரூபிக்கவில்லை. 2021-இன் பதின்மூன்று கோல் விஷயம் வேறு. சமபல அணிகளுக்குள் அப்படி நேர்வது நூற்றில் ஒன்றோ இரண்டோதான். அந்த ஆண்டு பார்சிலோனா அந்தத் தொடரில் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் வென்றது என்ற தகவலையும் சேர்த்தால், சந்தேகத்துக்கே இடமில்லை.

வாய்ப்புகளின் எண்ணிக்கை குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். ஓல்போர்க் நகரின் கால்பந்து அணி, 2008 டிசம்பரில், அப்போதைய ஐரோப்பிய சாம்பியனான மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 2-2 என்று நிறுத்திவிட்டு வந்தது. கால்பந்தில் இது அடிக்கடி நடக்கும். எண்ணிச் சொல்ல இரண்டு மூன்று கோல்தானே!

அணி இப்படியென்றால், ஆட்டக்காரரை எப்படி அளப்பது? பார்சிலோனா கிளப்புக்குக் கூடைப்பந்து அணியும் உண்டு. அது ஆடும் ஸ்பெயின் லீக்கில் ‘வலோராசியோன்’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. எடுத்த புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், எதிராளியிடமிருந்து வாங்கிய ஃபவுல் எல்லாவற்றையும் கூட்டு. தவறிய ஷாட், கோட்டைவிட்ட பந்து, தன் ஷாட்டுக்கு விழுந்த பிளாக், தான் செய்த ஃபவுல் ஆகியவற்றைக் கழி. மிஞ்சுவதுதான் அவரது மதிப்பு. எளிமை என்னவோ அழகுதான். ஆனால் ஒரு ரீபவுண்டும் ஒரு புள்ளியும் எப்படிச் சரிசமம்? எதிராளியை ஷாட் எடுக்கவே விடாமல் நிழலாக ஒட்டிக்கொண்டிருந்தவருக்கு இந்த அட்டவணையில் பூஜ்யம்தான்.

ஹேண்ட்பாலில் இந்த அநியாயம் கோல்கீப்பர் மேல்தான் அதிகம் விழுகிறது. கால்பந்தின் பெனால்டி போன்ற ஏழு மீட்டர் எறியை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏழு மீட்டரைக் கடக்கக் கால் விநாடி. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசை அசையத் தொடங்கவே அதில் முக்கால்வாசி போய்விடும். அதனால் கோல்கீப்பர் பந்தைப் பார்த்துப் பாய்வதில்லை. எறிபவரின் தோளும் முழங்கையும் திரும்பும் விதத்தை வைத்து முன்கூட்டியே காலைத் தூக்குகிறார், கையை விரிக்கிறார். ஆட்டம் முழுக்க வரும் எறிகளில் பத்துக்கு மூன்றைத் தடுத்தாலே நல்ல கோல்கீப்பர். முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள் எறிபவரைத் தூரத்திலேயே நிறுத்தினால் அந்த விகிதம் ஏறும், வழிவிட்டால் இறங்கும். அட்டவணையிலோ கோல்கீப்பர் பெயர் மட்டும்.

2024 இறுதியில் ஓல்போர்க்கின் கோல்வலையில் நிக்லாஸ் லாண்டின். எதிரே பார்சிலோனாவின் வலையில் எமில் நீல்சன். இருவருமே டேனியர்கள். இரண்டு மாதம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே அணியில் ஆடி, இறுதியில் ஜெர்மனியை 39-26 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கினார்கள். இவர்களில் யார் மேல் என்று புள்ளிவிவரம் சொல்லுமா? ஒருவர் நூற்றுக்கு 30, மற்றவர் 33 தடுக்கக்கூடியவர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு நாற்பது எறிகள் வந்தால் ஒருவரது எண்ணிக்கையே ஒன்பதுக்கும் பதினைந்துக்கும் இடையில் அலையும். இந்த மூன்று சதவீத வித்தியாசம் நம்பும்படி வெளிப்பட, இருவரும் ஆளுக்கு நாற்பத்தைந்து ஆட்டங்களுக்கு மேல் முழுதாக ஆடியாக வேண்டும். அது கிட்டத்தட்ட ஒரு முழுப் பருவம்.

ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளருக்கு அவ்வளவு பொறுமை ஏது? முதல் பத்து எறியில் ஒன்றுக்கு மேல் தடுக்கவில்லை என்றால் கோல்கீப்பரை மாற்றிவிடுவார். பத்துக்கு மூன்று தடுக்கும் கெட்டிக்காரருக்கும் ஏழு ஆட்டத்தில் ஒன்று அப்படித்தான் தொடங்கும்.