கதவின் கனம் எங்கே இறங்கும்?

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. சிறு வனவிலங்குப் பூங்காவுக்கும் அருவிக்கும் போய்வருகிறவர்களுக்குத் தெரிந்த ஊர். அங்கே வீடு கட்டுகிறவர்களுக்கோ வேலூர்ப் பக்கத்துக் கோடையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் நன்றாகத் தெரியும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மரம் சுருங்கும். அடைமழையில் ஈரம் குடித்து உப்பும். கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே மடக்குக் கதவு போட நினைப்பவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இதுதான் என்று தோன்றும். அதற்கு முன்னால் வரவேண்டியது எடை.

ஏழடி உயரம், இரண்டரை அடி அகலம், 35 மில்லிமீட்டர் தடிமனில் முழுத் தேக்குப் பலகை ஒன்று. ஒரு கன மீட்டர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோ. அப்படியானால் ஒரு பலகை சுமார் 37 கிலோ. கதவு நான்கு பலகை கொண்டதென்றால், மொத்தம் 150 கிலோவை நெருங்கும். இந்தக் கனம் லிண்டலில் தொங்கப்போகிறதா, தரையில் நிற்கப்போகிறதா?

நம் கோயில் தச்சர்கள் இதற்குத் தெளிவாகவே பதில் வைத்திருந்தார்கள். யானை நுழையும் கோபுரக் கதவுக்கும் கீல் கிடையாது. கதவின் ஓரத்தில் செதுக்கிய குடுமி, கல்லில் குடைந்த குழியில் உட்கார்ந்து சுழலும். பாரம் முழுவதும் கல்லுக்குப் போய்விடும்.

மடக்குக் கதவில் அது அத்தனை எளிதல்ல. தரைச் சேனலில் ரோலர் ஓடினால் பாரம் தரைக்கு இறங்கும், லிண்டல் தப்பிக்கும். ஆனால் வாளித் தண்ணீர் ஊற்றி வீடு கழுவும் நம் வழக்கத்துக்கு அந்தச் சேனல் ஒரு சாக்கடை. மணலும் தலைமுடியும் சோப்பு நீரும் சேர்ந்து சில மாதங்களில் ரோலரைக் கட்டிப்போடும்.

மேலே தொங்கவிட்டால் தரையில் வழிகாட்டும் சிறு முளை போதும். அப்போது பிரச்சினை மேலே போகிறது. நான்கு பலகையும் ஒரே பக்கம் மடங்கும் அமைப்பில் நடு ரோலர் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு பலகையின் பாரத்தைச் சுமக்கும், அதாவது 74 கிலோ. கதவை முழுக்க மடக்கிவிட்டால் 150 கிலோவும் ஓர் ஓரத்தில் குவியும். லிண்டல் சில மில்லிமீட்டர் தொய்ந்தாலே கதவு தரையில் உரசும். எனவே கதவு எங்கே, எத்தனை கனம் என்பது கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே மேஸ்திரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலரும் பெயின்ட் அடிக்கும் வாரத்தில்தான் ஹார்டுவேர் கடைக்குப் போகிறார்கள்!

கடையில் ரோலர் எத்தனை கிலோ தாங்கும் என்பதை அட்டையில் பார்த்து, நம் கணக்குக்கு மேலே தாராளமாக இருப்பதை எடுப்பது நல்லது. பலகைக்குப் பலகை இணைக்க இரண்டு கீல் போதாது, மூன்று வேண்டும். மேல் கீல்தான் பிடுங்கப்படும் பக்கம் என்பதால் அங்கே நீண்ட ஸ்க்ரூ அவசியம். பிளஷ் டோராக இருந்தால், ஓரத்தில் திடமான மரச்சட்டம் உள்ளதா என்று தட்டிப் பார்க்கலாம். ஈரம் படும் இடத்தில் முலாம் பூசிய இரும்பைவிட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நெடுநாள் உழைக்கும். மழைக்காலத்து உப்பலுக்காகப் பலகைகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியும் விடவேண்டும்.

சேனலை மறைக்க ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் அதில் ஒரு பலகையைக் கழற்றும்படி விட்டுவைக்கலாம். இல்லையென்றால், ரோலர் ஒன்றை மாற்றுவதற்காகக் கூரை வேலைக்காரரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டிவரும்.