பாட்டி விட்டுச் சென்ற மொழி

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தெற்கே, டெக்சாஸ் மாநிலத்தில், பதுவைப் புனித அந்தோனியாரின் பெயர் பூண்ட மாநகர் ஒன்று உண்டு. 1691ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், அப்புனிதரின் திருநாளன்று, ஸ்பானியப் பயணக் குழுவினரும் அவர்களோடு சென்ற பிரான்சிஸ்கு சபைத் துறவியரும் அவ்விடத்தை அடைந்தமையால், அதற்குச் சான் அந்தோனியோ என்று பெயரிட்டனர். அந்நகரின் மேற்குப் பகுதி, மெக்சிக்கோவிலிருந்து எல்லை கடந்து வந்த ஏழை மக்களின் உறைவிடமாய் விளங்கியது. அங்கே எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, தொண்ணூறு வயதைக் கடந்து இறைவனில் துயில்கொண்ட ஒரு பாட்டியைக் குறித்தே இங்கு எழுதுகின்றோம்.

அவர் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இடம்பெறவில்லை. அவருடைய பேரன் உரோமையில் நம்மோடு பயின்ற குருவானவர். 2000ஆம் யூபிலி ஆண்டின் கோடை விடுமுறையில் அவருடைய பங்கில் சில வாரங்கள் பணியாற்றச் சென்றபோது, அம்மூதாட்டியைக் காணும் பேறு நமக்குக் கிட்டியது. மெக்சிக்க மக்கள் பாட்டியை 'அபுவெலா' என்று அழைப்பர். அவ்வீட்டில் மட்டுமன்றி, அத்தெரு முழுவதுக்குமே அவர் அபுவெலாவாக இருந்தார்.

அவர் பிறந்தது மெக்சிக்கோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில். 1926ஆம் ஆண்டு, காயெஸ் என்பவர் அந்நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்தபோது, திருச்சபையை ஒடுக்கும் கொடிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்து ஆயர்கள் நாடெங்கும் பொது வழிபாட்டை நிறுத்தினர். ஆலய மணிகள் மௌனமாயின. மறைவான இல்லங்களில் திருப்பலி நடந்தது. "கிறிஸ்து அரசர் வாழ்க" என்று முழங்கிய மக்கள் ஆயுதம் ஏந்தினர். 1929ஆம் ஆண்டுவரை நீடித்த அப்போரில் ஹலிஸ்கோ மாநிலம் குருதியில் தோய்ந்தது. அப்போது பதினெட்டு வயது நங்கையாயிருந்த அபுவெலா, பெற்றோருடனும் உடன்பிறந்தோருடனும் இரயிலேறி வடக்கே எல்லையைக் கடந்தார். தாய் நெய்து தந்த சால்வையும், அதனுள் மடித்து வைத்த குவாதலூப்பே அன்னையின் படமும் அன்றி அவர் கையில் வேறு பொருள் இல்லை.

சான் அந்தோனியோவில் மணமுடித்தார். நான்கு மக்களைப் பெற்றார். கணவர் பருத்திக் காடுகளில் கூலிவேலை செய்தவர். காசநோய் அந்நகரின் மெக்சிக்கக் குடிசைகளை வாரிக்கொண்டு போன காலம் அது, அவரையும் கொண்டுபோயிற்று. 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது இலட்சக்கணக்கான மெக்சிக்கர் அந்நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் கைம்பெண்ணான அபுவெலா பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அஞ்சி நின்றாராம்.

பிழைப்புக்காக அவர் பெக்கான் கொட்டை உடைக்கும் தொழிலில் சேர்ந்தார். வாதுமையைப்போல் உண்ணத்தக்க அப்பருப்பை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கும் வேலையில் ஆயிரக்கணக்கான மெக்சிக்கப் பெண்கள் ஈடுபட்டிருந்தனர். காற்றோட்டமில்லாத கொட்டகைகளில் ஓட்டுத் தூசியைச் சுவாசித்தவாறு நாள் முழுதும் உழைத்தாலும், வாரத்திற்கு இரண்டு மூன்று டாலரே கிடைத்தது. அற்பக் கூலியையும் குறைத்தபோது, 1938ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். எம்மா தெனயூக்கா என்னும் இளம்பெண் அவர்களை ஒன்றுதிரட்டினார். அபுவெலாவும் கடைசிக் குழந்தையை இடுப்பில் சுமந்தவாறு அவ்வணியில் நின்றார். கூலி உயர்ந்தது, அதே ஆண்டில் மணிக்கு 25 சென்ட் என்று குறைந்தபட்சக் கூலியை நாட்டுச் சட்டமும் வரையறுத்தது. ஆனால் முதலாளிகள் ஆட்களைக் குறைத்து இயந்திரங்களை நிறுவினர். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அபுவெலாவும் அவர்களுள் ஒருவர். அதன்பின் பிறர் துணியைத் துவைத்தே பிள்ளைகளை வளர்த்தார்.

வறுமையை அவர் வென்றார். ஆனால் வறுமையினும் கொடிய ஒன்று அவர் இல்லத்தில் நுழைந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் 1918ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளிகளில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் கற்பிப்பதைக் குற்றமாக்கியிருந்தது. 1969ஆம் ஆண்டில்தான் அத்தடை நீங்கியது. வகுப்பில் மட்டுமன்றி விளையாட்டுத் திடலில் ஸ்பானிய மொழி பேசிய சிறுவரும் தண்டிக்கப்பட்டனர். அபுவெலாவின் மூத்த மகன் தாய்மொழியில் ஒரு சொல் கூறியதற்காக ஆசிரியரிடம் அடிபட்டு வீடு திரும்பினான். அன்று அச்சிறுவன் உள்ளத்தில் ஓர் உறுதி பிறந்தது. வளர்ந்து, மணமுடித்து, தந்தையானபோது தன் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினான். தன்மீது விழுந்த அடி அவர்கள்மீது விழலாகாது என்பதே அத்தந்தையின் எண்ணம்.

விளைவு யாது? ஒரே கூரையின்கீழ் பாட்டி ஒரு மொழியும், பேரப்பிள்ளைகள் வேறொரு மொழியும் பேசினர். நம் நண்பரான குருவானவர் அவ்வீட்டில் வளர்ந்தவர். "பாட்டி என்மீது உயிரையே வைத்திருந்தார், ஆனால் அவர் பிறந்த ஊரைப்பற்றிக் கேட்கவும் எனக்குச் சொல் இல்லை" என்று அவர் நம்மிடம் கூறியதுண்டு.

ஆயினும் அபுவெலா சோர்ந்துவிடவில்லை. பள்ளிக்குப் புறப்படும் பேரனின் நெற்றியில் நாள்தோறும் சிலுவை அடையாளமிட்டு ஆசீர் அளித்தார். இரவில் அவன் கையில் செபமாலையை வைத்து, 'அருள் நிறைந்த மரியே' என்னும் மன்றாட்டைத் தம் மொழியில் சொல்லிச் சொல்லிப் பதியவைத்தார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள் குடும்பமெல்லாம் கூடித் 'தமாலெ' செய்யும். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவைக் கதிரின் உமித்தோலில் பரப்பி, உள்ளே கறியை வைத்து மடித்து, ஆவியில் அவித்தெடுக்கும் பண்டம் அது. மாவையும் தோலையும் மிளகாயையும் ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டிப் பெயர் சொல்வார். பேரன் திருப்பிச் சொல்வான்.

இளைஞனான பேரன் குருமடத்தில் சேர்ந்தபோது, மெக்சிக்க மக்களிடையே பணிபுரிய ஸ்பானிய மொழி இன்றியமையாதது என்று அறிந்தான். 1972ஆம் ஆண்டில் அந்நகரில் தோன்றிய மெக்சிக்க அமெரிக்கப் பண்பாட்டு மையத்தில் அதனை முறையாகப் பயின்றான். மறையுரை பழகுவதற்கோ பாட்டியின் சமையலறையைத் தேடி வந்தான். எதிரே அமர்ந்த ஒரே ஒரு கேட்குநர் அபுவெலா. பிழைகளைத் திருத்துவதைவிட ஒன்றையே அவர் மீண்டும் மீண்டும் கூறினாராம்: "மெதுவாகப் பேசு, மகனே, கடவுளுக்கு அவசரமில்லை."

1987ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அந்நகருக்கு வந்தார். மேற்குப் பகுதியிலுள்ள குவாதலூப்பே அன்னை ஆலயத்தின்முன் திரண்ட மக்களிடம் ஸ்பானிய மொழியில் உரையாற்றினார். கூட்டத்தில் அபுவெலாவும் மூத்த மகனும் நின்றனர். எந்த மொழிக்காகச் சிறுவயதில் அடிபட்டாரோ, அந்த மொழியில் திருத்தந்தை பேசுவதைக் கேட்ட அம்மகன் வாய்விட்டு அழுதார். தந்தையின் கண்ணீரைப் பேரன் கண்டது அதுவே முதன்முறை.

நாம் அவரைச் சந்தித்த நாளில், பேரனை மொழிபெயர்ப்பாளராகக் கொண்டு ஒரு கேள்வி கேட்டோம்: "பேரப்பிள்ளைகளோடு பேச இயலாமற்போனதை எண்ணி மகன்மீது வருந்தியதில்லையா?" மூதாட்டி நம்மைச் சிறிது நேரம் நோக்கினார். பின் கூறினார்: "சுவாமி, தன் பிள்ளைகள் அடிபடக்கூடாது என்று என் மகன் நினைத்தான். நானும் அதற்காகவே ஊரைவிட்டு ஓடிவந்தேன். அவனை எப்படிக் குறைசொல்வேன்?" இதைச் சொன்னபின் நம் நெற்றியிலும் சிலுவை வரைந்தார். ஆசீர் வழங்கச் சென்ற நாம் ஆசீர் பெற்றுத் திரும்பினோம்.

இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அவர் மரித்த செய்தியை நண்பரின் மடல் தாங்கி வந்தது. அடக்கத்தின்பின் ஒன்பது இரவுகள் வீட்டில் செபமாலை சொல்வது மெக்சிக்க மக்களின் வழக்கம். முதல் இரவில் பேரனாகிய குருவானவர் செபத்தைத் தொடங்க எழுந்தார். ஆனால் எழுபது வயதை நெருங்கிய தந்தை அவர் கையிலிருந்த செபமாலையை வாங்கிக்கொண்டார். தம் பிள்ளைகள்முன் ஒருநாளும் பேசாத மொழியில் தேவமாதா மன்றாட்டுமாலையை ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார். ஆங்கிலமே அறிந்த கொள்ளுப்பேரர்கள் முதல் இரவில் வாளாவிருந்தனர். "அவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்னும் மறுமொழியை இரண்டாம் இரவில் முணுமுணுத்தனர். ஒன்பதாம் இரவில் வீடே அதிர உரக்கச் சொன்னார்களாம்.

2021ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலைத் திங்கள் நான்காம் ஞாயிற்றை, தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். புனித சுவக்கீன் அன்னம்மாள் திருநாளை ஒட்டிவரும் அந்நாளில் முதியோருக்குப் பொன்னாடை போர்த்துவது நன்று. வாசக அன்பர்களே, அதனினும் நன்று ஒன்றுண்டு. உங்கள் இல்லத்துப் பாட்டி சிறுமியாயிருந்தபோது கற்ற செபம் எது, அதை அவருக்குக் கற்பித்தவர் யார் என்று பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். பேரர்கள் தொலைதூர நாட்டில் இருப்பாராயின், தொலைபேசியிலேனும் கேட்கட்டும். பாட்டி சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்லட்டும். உச்சரிப்பு பிழைபட்டாலும் தாழ்வில்லை, பாட்டிமார் பொறுமையுள்ளவர்கள்.