எந்திர வெப்ப இயக்கவியல்: கற்றல் வளங்கள்

எந்திர வெப்ப இயக்கவியல் என்பது எரிபொருள் தரும் வெப்பம் எந்திரத்தில் எவ்வாறு வேலையாக மாறுகிறது, அதில் எவ்வளவு வீணாகிறது என்பவற்றை ஆராயும் துறையாகும். இயந்திரப் பொறியியல், தானுந்துப் பொறியியல் மாணவர்களுக்கு இது அடிப்படைப் பாடம். சூத்திரங்களை மனப்பாடம் செய்து தேர்வில் தேறும் மாணவர் பலர், "டீசல் எந்திரம் ஏன் சிக்கனமானது?" என்ற எளிய கேள்விக்கு விடை சொல்லத் திணறுவதுண்டு. தகுந்த நூல்களை உரிய வரிசையில் படித்தால் இக்குறையைப் பெரிதும் நீக்கலாம்.

பின்னணி

இத்துறையில் எந்திரம் முதலில் வந்தது. கோட்பாடு பின்னர் வந்தது. நீராவி எந்திரங்கள் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ வெப்ப எந்திரத்தின் உச்ச வரம்பைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1876-இல் நிக்கோலஸ் ஆட்டோ நான்கு வீச்சு எந்திரத்தை உருவாக்கினார். ருடால்ஃப் டீசலின் எந்திரம் 1897-இல் வெற்றிகரமாக இயங்கியது.

தொடக்க நிலை

தமிழ்நாட்டு அரசின் 11-ஆம் வகுப்பு இயற்பியல் பாடநூலில் உள்ள வெப்ப இயக்கவியல் பாடம் நல்ல தொடக்கம். வெப்ப இயக்கவியல் விதிகள், அழுத்தம்-பருமன் வரைபடம், கார்னோ எந்திரம் ஆகியவை அதில் தமிழிலேயே விளக்கப்பட்டுள்ளன. இந்நூலை இணையத்தில் இலவசமாகப் பெறலாம்.

தமிழ்வழியில் பயின்றவர்களுக்குக் கல்லூரியில் தடையாக அமைவது பெரும்பாலும் கருத்து அன்று, கலைச்சொல்லே. வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வைத்தான் கல்லூரியில் "அடியபாட்டிக்" என்கிறார்கள் என்பது தெரிந்தவுடன் பாதிச் சுமை குறைந்துவிடும். இரு மொழிச் சொற்களையும் எதிரெதிரே எழுதிய ஒரு குறிப்பேடு முதல் பருவத்தில் மிகவும் உதவும்.

நூல்கள்

பி. கே. நாக் எழுதிய "என்ஜினியரிங் தெர்மோடைனமிக்ஸ்" இந்தியக் கல்லூரிகளில் பரவலாகப் பயன்படும் நூல். சென்ஜெல், போல்ஸ் இருவரும் எழுதிய பாடநூல் படங்களுடனும் அன்றாட எடுத்துக்காட்டுகளுடனும் அமைந்தது. தனியாகப் படிப்பவர்களுக்கு ஏற்றது. அடிப்படை உறுதியான பின் வி. கணேசனின் உள்ளெரி எந்திர நூலுக்குச் செல்லலாம். ஜான் ஹேவுட் 1988-இல் வெளியிட்ட உள்ளெரி எந்திர நூல் உயர்நிலை மாணவர்களுக்கானது. அதை முதல் நூலாக எடுத்தால் சலிப்பே மிஞ்சும்.

இணைய வளங்கள்

ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் முழுப் பாடங்களும் காணொளியாக இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. திறந்த பாடத் தளம் பாடக் குறிப்புகளையும் பயிற்சிக் கணக்குகளையும் வழங்குகிறது. நாசாவின் கிளென் ஆய்வு மையப் பக்கங்களில் எந்திரச் சுழற்சிகள் எளிய ஆங்கிலத்தில் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன.

கவனிக்க வேண்டியவை

பல வளங்களைக் கலந்து படிக்கும்போது சில குழப்பங்கள் நேரும்.

குறிமரபு: பொறியியல் நூல்கள் பொதுவாக அமைப்பு செய்யும் வேலையை நேர்க்குறியாகக் கொள்கின்றன. வேதியியல் நூல்கள் பெரும்பாலும் அமைப்பின் மீது செய்யப்படும் வேலையை நேர்க்குறியாகக் கொள்கின்றன. முதல் விதி இரண்டிலும் ஒன்றுதான். சமன்பாட்டில் குறி மட்டும் மாறும்.

வெப்பநிலை: பயனுறுதிறன் கணக்கில் கெல்வின் அலகையே பயன்படுத்த வேண்டும். 327 பாகை, 27 பாகை செல்சியசுக்கு இடையே இயங்கும் கார்னோ எந்திரத்தின் பயனுறுதிறன் 50 விழுக்காடு. செல்சியசை அப்படியே இட்டால் ஏறத்தாழ 92 விழுக்காடு எனத் தவறாக வரும்.

அலகு: பழைய நூல்களில் கிலோகலோரி இருக்கும். 1 கிலோகலோரி சுமார் 4.19 கிலோஜூல்.

நல்ல நூலை அறியும் வழி

அமுக்க விகிதம் 10 எனில் ஆட்டோ சுழற்சியின் பயனுறுதிறன், காற்றைக் கொண்டு செய்யும் கணக்கில், சுமார் 60 விழுக்காடு. ஆனால் சாலையில் ஓடும் பெட்ரோல் எந்திரம் ஏறத்தாழ அதில் பாதியையே தருகிறது. உருளைச் சுவர் வழியே போகும் வெப்பம், உராய்வு, எரிதலுக்கு ஆகும் நேரம், வாயுக்களை உள்ளிழுத்து வெளித்தள்ளும் வேலை ஆகியவை இதற்குக் காரணங்கள். இந்த இடைவெளியை விளக்காத நூல் தேர்வுக்கு மட்டுமே உதவும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரே அமுக்க விகிதத்தில் டீசல் சுழற்சியை விட ஆட்டோ சுழற்சியே திறன் மிக்கது. அப்படியானால் பேருந்திலும் லாரியிலும் டீசல் எந்திரம் ஏன்? பெட்ரோல் எந்திரத்தில் அமுக்க விகிதத்தை அதிகம் உயர்த்தினால் கலவை தானாகவே தீப்பற்றி "நாக்கிங்" ஏற்படும். டீசல் எந்திரம் காற்றை மட்டும் அமுக்குவதால் விகிதத்தை 15-க்கு மேலும் உயர்த்த முடிகிறது. அங்கேதான் அது முந்துகிறது. தொடக்கத்தில் கண்ட கேள்விக்கு முதன்மையான விடை இதுவே.

படிக்கும் முறை

ஒரு முதன்மை நூல், ஒரு காணொளித் தொடர், ஒரு கணக்குத் தொகுப்பு ஆகிய மூன்றும் போதும். ஒவ்வொரு கணக்கிலும் முதலில் அழுத்தம்-பருமன் வரைபடத்தைக் கையால் வரைந்து, பிறகே சூத்திரத்தைத் தொட வேண்டும். வரைபடத்தின் மூடிய பரப்பே எந்திரம் ஒரு சுழற்சியில் தரும் நிகர வேலை. அதை உணர்ந்த மாணவருக்குச் சூத்திரம் மறந்தாலும் வழி மறக்காது.