பேக்ஸ்பேஸை 28 முறை தட்டியதும் பூட்டு திறந்தது, தெரியுமா?

பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய லினக்ஸ் கணினியை ஒரே ஒரு விசையால் திறக்க முடிந்தது, தெரியுமா? கதையல்ல! 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இதை உலகுக்குச் சொன்னார்கள். கணினியை ஆன் செய்ததும் லினக்ஸை எழுப்பிவிடும் நிரலின் பெயர் கிரப். அதற்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் முதலில் பயனர் பெயரைக் கேட்கும். அங்கே எதையும் எழுதாமல் பேக்ஸ்பேஸை 28 முறை தட்டினால், எழுத்துகளின் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும். நிரல் தடுமாறும். கட்டளை எழுதும் இடம் தானாகத் திறந்துகொள்ளும்! 2009 முதல் அந்த ஓட்டை அங்கேயே இருந்திருக்கிறது.

ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனால் கணினியே திருடு போனால்? ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால், லாகின் திரையைத் தாண்டாமலேயே உங்கள் படங்களும் வங்கிக் கணக்குக் கோப்புகளும் கண்முன் விரியும். அதைத் தடுப்பது லக்ஸ் என்னும் வட்டுக் குறியாக்கம். உபுண்டுவோ ஃபெடோராவோ நிறுவும்போதே அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், பிறகு சேர்ப்பது பெரும்பாடு. அதன் உள்ளே நடப்பதுதான் அதிசயம்: நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டு வட்டைப் பூட்டுவதே இல்லை! வட்டைப் பூட்டுவது கணினி தானே உருவாக்கிய ஒரு ரகசியச் சாவி. பீரோ சாவியைச் சின்னப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதுபோல, உங்கள் பாஸ்வேர்டு அந்தச் சாவியை மட்டும் காக்கிறது. அதனால்தான் எவ்வளவு பெரிய வட்டானாலும் பாஸ்வேர்டைச் சில நொடிகளில் மாற்ற முடிகிறது. அந்தச் சாவி இருக்கும் வட்டின் தலைப்பகுதி அழிந்தால், சரியான பாஸ்வேர்டு தெரிந்திருந்தாலும் ஒரு கோப்பும் திரும்பாது. அந்தத் தலைப்பகுதியின் நகல் ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துத் தனியே வையுங்கள்.

பாஸ்வேர்டு என்றதும் கென் தாம்சன் நினைவுக்கு வருகிறார். லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவர். பழைய யூனிக்ஸ் கோப்பு ஒன்றில் உருமாறிக் கிடந்த அவருடைய பாஸ்வேர்டு 2019-இல்தான் உடைந்தது. அது என்ன தெரியுமா? சதுரங்க ஆட்டத்தின் ஒரு தொடக்க நகர்த்தல்! மொத்தம் எட்டே எழுத்து. அன்றைய யூனிக்ஸ் எட்டுக்கு மேல் எழுதினாலும் கண்டுகொள்ளாது. இன்றைய லினக்ஸுக்கு அந்த எல்லை இல்லை. தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள்.

இன்னும் கேளுங்கள்! 2003 நவம்பரில் லினக்ஸின் மையக்கருவான கர்னலின் நகல் ஒன்றில் யாரோ இரண்டு வரிகளை நுழைத்தார்கள். இரண்டு சமக்குறி வர வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று. சி மொழியில் இரண்டு இருந்தால் ஒப்பிடும். ஒன்று இருந்தால் மதிப்பையே மாற்றிவிடும். இங்கே பயனரின் எண்ணுக்குப் போட்ட மதிப்பு 0. லினக்ஸில் 0 என்பது சர்வ அதிகாரமும் படைத்த ரூட்டின் எண்! மூலப் பிரதியோடு நகல் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்து, கர்னலுக்குள் போகுமுன்பே தூக்கியெறிந்தார்கள்.

2024 மார்ச்சில் நடந்ததோ நெஞ்சைப் பதறவைப்பது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். வெறும் அரை நொடி! விடாமல் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சுருக்குநிரலுக்குள் ஒரு கள்ளக்கதவு ஒளிந்திருந்தது. "ஜியா டான்" என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்லவராக உழைத்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, அதை உள்ளே வைத்திருந்தார். நிரல் திறந்தே கிடந்ததால்தான் ஃப்ராயிண்டால் அதன் அடிவரை போக முடிந்தது. அந்தப் பதிப்பு அப்போது டெபியன் என்ற லினக்ஸ் வகையின் சோதனைக் கிளைகளை எட்டியிருந்தது, நிலையான வெளியீட்டை எட்டவில்லை. வீட்டுக் கணினியில் நிலையான பதிப்பே வையுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பையே கள்ளக்கதவு வைத்த நகலுக்குத் திருப்பிவிட்டார்கள் தெரியுமா? ஐஎஸ்ஓ கோப்பை இறக்கியதும் அதன் சரிபார்ப்பு எண்ணையும் டிஜிட்டல் கையொப்பத்தையும் ஒத்துப்பாருங்கள். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, தளத்தில் புகுந்தவர் அதையும் மாற்றியிருக்கலாம்.

நிறுவிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற தீச்சுவர் இருக்கிறது, ஆனால் அணைந்தே இருக்கும்! ஒரே கட்டளையில் எழுப்பலாம்.

ரூட் அதிகாரத்தோடு கட்டளை கொடுக்கத் தினமும் பயன்படும் சூடோவில்கூட 2011-இல் நுழைந்த பிழை 2021 ஜனவரியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. எந்தச் சாதாரணப் பயனரையும் அது ரூட்டாக்கியிருக்கும்! இப்படிப்பட்ட பிழைகளுக்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை உபுண்டு தானாகவே நிறுவிக்கொள்ளும். ஆனால் கர்னல் அப்டேட் வந்தபின் கணினியை மறுபடி தொடங்கும்வரை, உள்ளே ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல்தான்!